பாஸ்போர்ட் வேணாம், விசா வேணாம்... ஆனா?

எங்க ஹாஸ்டல்ல யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. ஊர்தான் பேர். என் ரூம்மேட் தங்கச்சிமடத்துப் பொண்ணு. அதனால ஃபர்ஸ்ட் இயர் வாண்டுகள்கூட அவளை ‘தங்கச்சி’ன்னுதான் கூப்பிடும். நான் காஞ்சிபுரம் பக்கம் தென்னேரி. அப்பா தறி நெய்யறவர். போதாதா? ‘பட்டு’ ஆயிட்டேன். (பேர்தான் பட்டு. பெட்டியைத் திறந்தா அத்தனையும் காட்டன் சுடிதார். நெய்யறவங்க வீட்ல பட்டு தங்காதுங்க!)

ஒருநாள் கிளாஸ்ல ஒருத்தன், அவன் அக்கா யூரோப் டூர் போன போட்டோவைக் காட்டிப் படம் போட்டுட்டிருந்தான். வாட்டிகன். உலகத்துலயே குட்டி நாடு. மொத்தமே சுமார் 109 ஏக்கர்தானாம். “நாமெல்லாம் எப்ப வெளிநாடு பார்க்கறது?”ன்னு ராத்திரி ரூம்ல பெருமூச்சு விட்டேன். தங்கச்சி புக்கை மூடாமலே சொன்னா... “எங்க ஊர்லேர்ந்து போட்ல ரெண்டு மூணு மணி நேரம் போனா வெளிநாடு. பாஸ்போர்ட் வேணாம், விசா வேணாம். வர்றியா?”

“கள்ளத்தோணியா?”

தலையணை பறந்து வந்துச்சு. “லூசு! கச்சத்தீவு. அந்தோணியார் திருவிழா.”

குட்டித் தீவு... பெரிய கதை!

கச்சத்தீவு தனி நாடு இல்லை, இலங்கையோட யாழ்ப்பாண மாவட்டத்துல ஒரு துண்டு. பரப்பு 285 ஏக்கர். அதாவது வாட்டிகன் மாதிரி ரெண்டரை மடங்கு. மொனாக்கோவுல பாதிக்குக் கொஞ்சம் மேல. எங்க தென்னேரி ஏரி நிறைஞ்சு நின்னா அதைவிடப் பெருசு! குடிக்கத் தண்ணி கிடையாது, அதனால அங்கே யாரும் குடியிருக்கறதில்லை. இருக்கறது ஒரே ஒரு அந்தோணியார் கோயில். முதல்ல கட்டினவர் நம்ம ராமநாதபுரம் பக்கத்துச் சீனிக்குப்பன் படையாச்சி. இப்போ இருக்கற புதுக் கோயிலை இலங்கைக் கடற்படை கட்டி, 2016 டிசம்பர்ல திறந்தாங்க.

ஒரு காலத்துல ராமநாதபுரம் ஜமீன்ல இருந்த தீவு. 1974-ல இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயகவும் போட்ட ஒப்பந்தத்துல எல்லைக்கோடு அந்தப் பக்கமா விழுந்துச்சு. அதே ஒப்பந்தத்தோட அஞ்சாவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, இந்திய மீனவர்களும் யாத்ரிகர்களும் ‘இதுவரை போய் வந்தது போலவே’ அங்கே போய் வரலாம், அதுக்குப் பயண ஆவணமோ விசாவோ இலங்கை கேட்காது. 1976-ல இன்னொரு கடிதப் பரிமாற்றம். ஒருத்தர் கடல்ல இன்னொருத்தர் மீன் பிடிக்கக் கூடாது. ஆக, சாமி கும்பிடலாம், மீன் பிடிக்கக் கூடாது. ரெண்டு வரிதான். இந்த ரெண்டு வரிக்கு நடுவுல எத்தனை குடும்பம் மாட்டிக்கிட்டிருக்குன்னு அப்போ எனக்குத் தெரியாது.

ஜெராக்ஸ் ப்ளீஸ்!

விசா வேணாம்னதும் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடலாம்னு நினைச்சீங்கன்னா... ஸாரி பாஸ்! வாட்டிகன் கதையேதான். வாட்டிகன் வாசல்ல உங்ககிட்ட தனியா விசா கேட்க மாட்டாங்க. ஆனா அந்த வாசல் வரைக்கும் போக நமக்கு ஷெங்கன் விசா வேணும். இங்கேயும் அப்படித்தான். ராமேஸ்வரம் வேர்க்காடு பங்குல ஃபாரம் வாங்கணும். போட்டோ, ஆதார் ஜெராக்ஸ், ‘மேற்படி நபர் மீது குற்ற வழக்கு எதுவும் இல்லை’ன்னு போலீஸ் சான்றிதழ் எல்லாம் வைக்கணும். கடைசி தேதி போச்சுன்னா அவ்வளவுதான், அடுத்த வருஷம்தான். இது டூரிஸ்ட் ஸ்பாட்டும் கிடையாது. வருஷத்துல அந்த ரெண்டு நாள், பக்தராத்தான் போகணும்.

நான் பக்தையா? உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு வெளிநாடு பார்க்கணும்ங்கற ஆசைதான். ஃபாரத்துல கையெழுத்துப் போடும்போது கொஞ்சம் உறுத்துச்சு. “அந்தோணியார் கோவிச்சுக்க மாட்டார். தொலைஞ்சதைத் தேடிக் கொடுக்கற சாமி அவரு. நீ எதையாவது தொலைச்சிருப்பேல்ல?”ன்னா தங்கச்சி.

2025 மார்ச் 14, 15 திருவிழா. அதுக்கு முந்தின வருஷம் இங்கிருந்து யாருமே போகலை. மீனவர்களுக்குச் சிறைத்தண்டனை கொடுத்ததைக் கண்டிச்சு ராமேஸ்வரத்துக்காரங்க புறக்கணிச்சிட்டாங்க. அதனால இந்தத் தடவை மூவாயிரம் பேருக்கு மேல பதிஞ்சிருந்தாங்க. புதுப் பாம்பன் ரயில் பாலம் அடுத்த மாசம்தான் திறந்துச்சு. நாங்க மண்டபத்துல இறங்கி, பஸ் பிடிச்சு தங்கச்சிமடம் போய்ச் சேர்ந்தோம்.

அப்பா வரலியா?

தங்கச்சி வீட்ல ராத்திரி மீன் குழம்பு. அவ அப்பா முள் எடுத்து எடுத்து என் தட்டுல வைக்கறார். “ஏரி மீன் சாப்பிட்ட புள்ள, முள்ளு தெரியாதும்மா உனக்கு.” சின்ன வயசுல அவங்க அப்பா கூடக் கச்சத்தீவுல போய் வலை காயப்போட்டது, திருவிழாவுல அந்தப் பக்கத்து ஆளுங்ககிட்ட துணியைக் கொடுத்து சோப்பு வாங்கினதுன்னு ஒரே கதை. ஜாலியா கேட்டுட்டிருந்த நான், சும்மா இருக்காம, “அப்பா, நீங்க எந்த போட்ல வர்றீங்க?”ன்னேன்.

சத்தமே இல்லை. அம்மா எழுந்து தட்டை எடுத்துட்டுப் போனாங்க.

அப்புறம் மொட்டை மாடியில தங்கச்சி சொன்னா. ரெண்டு வருஷம் முன்னாடி அப்பா கூலிக்குப் போன விசைப்படகு எல்லை தாண்டிடுச்சு. மூணு மாசம் அந்தப் பக்கம் உள்ள இருந்தார். ஒத்திவெச்ச தண்டனையோட விட்டாங்க. அதாவது அஞ்சு வருஷத்துக்குள்ள மறுபடி எல்லை தாண்டினா, பழைய தண்டனையும் சேர்ந்துக்கும்.

“திருவிழாவுக்குப் போறது அதுல சேருமா?”

“தெரியலை. அப்பா யாரையும் கேட்கலை. ஃபாரமே வாங்கலை.” கொஞ்ச நேரம் கழிச்சு, “ஒருவேளை சேரும்னு சொல்லிட்டா?”ன்னா.

எனக்குத் தூக்கம் வரலை. கடலையே அதுவரைக்கும் ரெண்டு தடவைதான் பார்த்தவ நான். அதுவும் மெரினாவுல, சுண்டலோட. எனக்கு அனுமதி. அந்தத் தீவுல மணல் எந்தப் பக்கம் சுடும்னு தெரிஞ்ச மனுஷனுக்கு, கேட்கவே பயம். ‘இதுவரை போய் வந்தது போலவே’ங்கறது அவரை மாதிரி ஆளுக்காக எழுதின வரிதானே?

மறுநாள் காலையில படகுத்துறையில எங்க பையை அவரே தூக்கிட்டு வந்தார். ஆபீசர்கள் பெயர் பார்த்து, பையைச் சோதிச்சு, லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டாங்க. தங்கச்சி கையில ஒரு மெழுகுவர்த்தியைக் கொடுத்தார். “பாதி எரிஞ்சதும் அணைச்சு எடுத்துட்டு வா பாப்பா. மீதியை வீட்ல ஏத்திக்கறேன்.”

கோடு எங்கே?

நாங்க போனதும் விசைப்படகுதான். முதல் முக்கால் மணி நேரம் நான் போட்ட சீன் தாங்காது. அதுக்கப்புறம் வயிறு போட்ட சீன் தாங்காது. எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே, “எல்லைக்கோடு எங்கண்ணே?”ன்னு டிரைவர் அண்ணனைக் கேட்டேன். “ஜிபிஎஸ்ல தெரியும்மா. தண்ணியில தேடாத”ன்னார்.

தீவுல இறங்கினா மணல், முள்ளுச்செடி, வெயில். இலங்கை அதிகாரிகள் சோதனை. சாயங்காலம் கொடியேத்தம், சிலுவைப்பாதை. ராத்திரி தேர் பவனி. ரெண்டு கரை ஜனமும் ஒரே மணல்ல துண்டை விரிச்சுப் படுத்துடுச்சு. எங்க பக்கத்துல நெடுந்தீவுல இருந்து வந்த ஒரு அம்மா. ஃபிளாஸ்க்கைத் திறந்து, பால் இல்லாத டீயை ஊத்திக் கொடுத்தாங்க.

“எந்த இடம் பிள்ளையள்?”

“தங்கச்சிமடம்”னா தங்கச்சி.

அந்த அம்மா கை ஒரு நிமிஷம் நின்னுச்சு. அப்புறம் மெதுவா சொன்னாங்க. “என்ர தம்பி கடனுக்கு வாங்கின வலை. ஒரு இரவில உங்கட ஆக்கள் இழுவைமடியோட வந்து போட்டினம். விடிய வலையில்ல, நூல்தான் கிடந்தது.”

கோபமா சொல்லலை. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. கடலுக்கு அடியில தரையோட சேர்த்து அரிச்சிட்டுப் போற அந்த மடியை இலங்கையில 2017-லயே சட்டம் போட்டுத் தடை பண்ணிட்டாங்க. மீன் முட்டை, குஞ்சு எதையும் விடாது. எனக்குக் கடல் தெரியாது. ஆனா நூல் தெரியும். எங்க வீட்டுத் தறியில பாவு அறுந்தா, அப்பா ஒவ்வொரு இழையா எடுத்து முடிபோடுவார். அன்னிக்கு வீட்ல யாரும் சத்தமா பேச மாட்டோம். கூலி போச்சு, நாள் போச்சு. வலை மொத்தமா போனா?

‘இவ அப்பாவும் உள்ள இருந்துட்டு வந்தவர்தாங்க’ன்னு சொல்ல வாயெடுத்தேன். தங்கச்சி நறுக்குன்னு கிள்ளினா.

“அப்பா வரேல்லையோ?”

“இல்லைங்க. உடம்பு சரியில்லை.”

அந்த அம்மா அவளையே பார்த்தாங்க. புரிஞ்சுதோ என்னவோ. “அந்தோணியாரிட்ட வந்த இடத்தில என்னத்துக்கு இந்தக் கதை... குடியுங்கோ, ஆறப்போகுது”ன்னாங்க.

மறுநாள் காலையில தமிழ்லயும் சிங்களத்துலயும் பூசை. தங்கச்சி மெழுகுவர்த்தியை ஏத்தி வெச்சுட்டு, அது பாதியாகுற வரைக்கும் நகரவே இல்லை. காத்துல அணையாம இருக்க நான் துப்பட்டாவை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டேன். என்ன வேண்டினேன்னு கேட்காதீங்க. ஆனா ஃபாரத்துல போட்ட கையெழுத்து அப்போ உறுத்தலை.

பாதி மெழுகுவர்த்தி

திரும்பி வந்தப்போ, அதே படகுத்துறையில அதே இடத்துல நின்னுட்டிருந்தார். மெழுகுவர்த்தியை வாங்கி கர்ச்சீப்ல சுத்திப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டார். நடந்துக்கிட்டே தங்கச்சி அந்த அம்மா சொன்னதைச் சொன்னா. ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை.

ரொம்ப தூரம் பேசாமலே வந்தார். “வலை அறுந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா பாப்பா? படகு என்னுது இல்லை. மடி என்னுது இல்லை. ஏறலைன்னா அன்னிக்குச் சோறு இல்லை. ஆனா ஏறினது நான்தானே...”

எங்க ரெண்டு பேருக்கும் பதில் சொல்லத் தெரியலை.

வீட்டு வாசல் வந்ததும் நின்னார். “அந்த அம்மா கொடுத்த டீயில இஞ்சி இருந்துச்சா?”

“இருந்துச்சுப்பா.”

“ஆமா, அங்க இஞ்சி தட்டித்தான் போடுவாங்க”ன்னு சிரிச்சார். நாங்க வந்ததுலேர்ந்து அவர் அப்படிச் சிரிச்சு அப்பதான் பார்த்தேன்.

ஹாஸ்டல் வந்ததும் மொத்த ஃப்ளோரும் சுத்தி உட்கார்ந்துக்கிச்சு. “ஏய் பட்டு, ஃபாரின் எப்படி இருந்துச்சு? என்னல்லாம் பார்த்தே?”

தங்கச்சியைப் பார்த்தேன். அவ சுவர்ல மாட்டின காலண்டரைப் பார்த்துட்டிருந்தா. அஞ்சு வருஷத்துல இன்னும் மூணு பாக்கி.

“டீ நல்லா இருந்துச்சு”ன்னேன்.