குழந்தையின் ஓவியம் நம் அறிக்கைக்கான படம் அல்ல

வன்கொடுமை நடந்த ஊருக்குப் போகும் குழுக்கள், பிள்ளைகளிடம் தாளும் கிரேயானும் கொடுத்து ‘நடந்ததை வரைங்க’ என்பது வழக்கமாகிவிட்டது. எரியும் குடிசை வரைந்தால் அறிக்கையின் அட்டைக்குப் போகிறது. மரம் வரைந்தால் யாரும் எடுத்து வைப்பதில்லை. இது பற்றி யோசிக்கும்போதெல்லாம் எங்களுக்கு ஈடித் கிராமர் நினைவுக்கு வருகிறார்.

1916இல் வியன்னாவில் பிறந்தவர் கிராமர். ஓவியர், சிற்பி, அச்சோவியர். கலைவழிச் சிகிச்சையை ஒரு துறையாக வளர்த்தவர்களில் முதன்மையானவர். அவருடைய ஆசிரியை ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், நாஜிகளின் தெரேசின் முகாமில் அடைபட்டிருந்தபோது அங்கிருந்த குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தார். 1944இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அந்தக் குழந்தைகளின் சுமார் 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் தப்பிப் பிழைத்தன. முகாமின் காட்சிகள் அவற்றில் உண்டு. ஆனால் பூக்களும் பட்டாம்பூச்சிகளும் விட்டுவந்த வீடுகளும்கூட இருக்கின்றன. வரைந்தவர்களில் பெரும்பாலோர் உயிர் பிழைக்கவில்லை.

1938இல் அகதியாக நியூயார்க் போன கிராமர், 1950 முதல் ஏழு ஆண்டுகள் வில்ட்விக் பள்ளியில் வேலை செய்தார். நகரத்தின் ஏழைப் பகுதிகளிலிருந்து, ‘அடங்காதவர்கள்’ என்று அனுப்பப்பட்ட சிறுவர்கள். அதிகம் பேர் கறுப்பினத்தவர். படத்தைப் பார்த்துப் பையனுக்கு என்ன கோளாறு என்று சொல்வதைவிட, படம் நல்ல படமாக வர உதவுவதுதான் தன் வேலை என்று கிராமர் நினைத்தார். பையனின் கற்பனைக்குள் தன் கையைத் திணிக்காத அந்த உதவிக்கு ‘மூன்றாவது கை’ என்று பெயர் வைத்தார்.

அவரும் கடைசிவரை வரைவதை விடவில்லை. சிறுவயதில் கோடையைக் கழித்த ஆஸ்திரியாவின் கிரண்டல்சே ஏரிக்கரைக்கே முதுமையில் திரும்பினார். 2014இல் அங்கேதான் இறந்தார். எச்சிங் முறையில் படம் செய்பவர்களுக்கு ஒன்று தெரியும்: தகட்டில் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை பூசி அழுத்தினால் இடது வலதாக வரும். நினைவில் இருக்கும் ஏரியும் அப்படியேதான் வந்துவிடாது. பிள்ளைகளிடம் மட்டும் ஏன் நகல் கேட்கிறோம்?

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஒரு பையனின் வீடும் எரிக்கப்பட்டதுதான். வந்த குழுவுக்கு அவன் ஏரியும் கொக்கும் வரைந்து கொடுத்தான். “வீடு எரிஞ்சதை வரையலையா தம்பி?” என்று கேட்டார்கள்.

“அதைத்தான் எல்லாரும் போட்டோ எடுத்துட்டீங்களே அண்ணா.”

அந்த ஏரியில் அவன் தெருக்காரர்களை இறங்க விடுவதில்லை. அதை அறிக்கையில் எழுதலாம், வழக்குப் போடலாம். அது நம் வேலை. கொக்கை நாங்கள் கேட்கவில்லை. இப்போது வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, சாயத்தில் தொட்டு, பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் அச்சு வைக்கிறார்கள். அவனுக்கு ஏரிக்கரை முழுக்கப் பூ வேண்டுமாம்.