பேரிகை டு அட்லான்டிக்... முதன்முறை கப்பல் ஏறும் முன் கவனிக்க வேண்டியவை!

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் பேரிகை. ஓசூரிலிருந்து பாகலூர் வழியாக வந்தால், வழிநெடுகப் பசுமைக்குடில்கள் கண்ணில் படும். உள்ளே ரோஜா. காதலர் தினம் நெருங்கும்போது, இந்த வட்டாரத்து ரோஜாக்கள் பெங்களூரில் விமானம் ஏறி வெளிநாடுகளுக்குப் போய்விடும். கடைவீதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். கடலின் சத்தத்தைக் கேட்க வேண்டுமென்றால் மட்டும், சென்னை வரை சுமார் 300 கிலோமீட்டர் போக வேண்டும்.

ஆனால், ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று பெங்களூரு ஐ.டி. நிறுவனங்களைத் தாண்டி, அமெரிக்காவுக்கே போய்விட்டார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் அப்பா, அம்மாவை, ‘திரும்பும்போது கப்பலில் போய்ப் பாருங்களேன்’ என்று ஆசைகாட்டும் பிள்ளைகளும் உண்டு. ஆசை நல்லதுதான். ஆனால், ஒரு விசா குறைந்தாலும் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. அதனால், முதல் பயணத்தைத் திட்டமிடும்போது எதை முதலில் செய்வது என்பது மிக முக்கியம்.

எந்தக் கப்பல்... எந்த மாதம்?

அட்லான்டிக்கைக் கடக்க இரண்டு வகைப் பயணங்கள் இருக்கின்றன. ஒன்று, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடும் ‘குயின் மேரி 2’. 2004-ல் முதல் பயணம் போன இந்தக் கப்பல், நடுவில் எங்கும் நிற்காமல் பெரும்பாலும் 7 இரவுகளில் அக்கரை சேர்ந்துவிடும்.

இரண்டாவது வகைதான் பட்ஜெட்டுக்கு ஏற்றது. கோடையில் மத்தியதரைக்கடலில் சுற்றும் கப்பல்கள், குளிர்காலத்தில் கரீபியன் கடலுக்கு இடம்பெயரும். அக்டோபர், நவம்பரில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு. ஏப்ரல், மே மாதங்களில் அங்கிருந்து இங்கே. எப்படியும் போயாக வேண்டிய கப்பல் என்பதால், ஒரு நாளுக்கான கட்டணம் மற்ற பயணங்களைவிடப் பெரும்பாலும் குறைவாக இருக்கும். சுமார் இரண்டு வாரங்கள் ஆகும். வழியில் அசோர்ஸ், மதெய்ரா போன்ற தீவுகளில் நிற்கும். ஆனால், தொடர்ந்து ஐந்தாறு நாள்கள் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஊர் சுற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கு இது சரிவராது. ஓய்வெடுக்க விரும்புபவர்களுக்கு அருமையான பயணம்.

இன்னொன்று, இது ஒருவழிப் பயணம். இறங்கும் ஊரிலிருந்து பெங்களூரு வருவதற்கான விமான டிக்கெட்டையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

முதலில் விசா, அப்புறம்தான் டிக்கெட்!

இந்திய பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்காவின் பி1/பி2 விசா வேண்டும். அதற்கான நேர்காணலுக்குச் சென்னை துணைத் தூதரகம் போக வேண்டியிருக்கும். நேர்காணல் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். கப்பல் பார்சிலோனா, லிஸ்பன் போன்ற துறைமுகங்களைத் தொட்டால் ஷெங்கன் விசா. சவுத்தாம்ப்டன் என்றால் பிரிட்டன் விசா. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது கப்பல் ஏற நினைப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஷெங்கன் விசாவுக்கு, வசிக்கும் நாட்டிலிருந்துதான் பொதுவாக விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலா விசாவில் அமெரிக்கா போய், பிள்ளை வீட்டில் தங்கியிருக்கும்போது ‘அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்’ என்று நினைத்தால் சிக்கல்தான். அதே நேரம், பயணத் தேதிக்கு 6 மாதங்களுக்கு முன்புவரைதான் விண்ணப்பிக்க முடியும். ஏப்ரலில் கப்பல் என்றால், முந்தைய அக்டோபருக்குப் பிறகுதான் விண்ணப்பம். ஆகவே, ஷெங்கன் விசா கைக்கு வந்த பிறகு ஊரைவிட்டுக் கிளம்புவதுபோல அமெரிக்கப் பயணத்தின் தேதியை அமைத்துக்கொள்வது நல்லது.

கட்டணத்துக்கு வெளியே இருக்கும் செலவு

விளம்பரத்தில் தெரியும் தொகை முழுத்தொகை அல்ல. துறைமுகக் கட்டணமும் வரிகளும் தனி. பல அமெரிக்கக் கப்பல்களில், பணியாளர்களுக்கான டிப்ஸாக ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 15 முதல் 20 டாலர் வரை கணக்கில் சேர்ந்துவிடும். இருவருக்கு இரண்டு வாரம் என்றால், 400 டாலரைத் தாண்டும். இந்திய ஏஜென்ட் மூலம் வெளிநாட்டு டூர் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும் என்பதால் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுவது அவசியம். நடுக்கடலில் கப்பலின் நெட்வொர்க்கில் தானாக இணைந்தால், பில் எகிறிவிடும்.

பி.பி., சுகர் இருந்தால்...

கப்பலில் டாக்டர் இருப்பார். ஆனால், கட்டணம் டாலரில். கரையிலிருந்து ஹெலிகாப்டர் வந்து போகும் தூரத்தைத் தாண்டிவிட்டால், அடுத்த துறைமுகம் வரும்வரை அந்தச் சிறிய மருத்துவமனைதான் எல்லாம். எனவே, ஏற்கெனவே இருக்கும் நோய்களையும் அவசர வெளியேற்றத்தையும் உள்ளடக்கிய பயணக் காப்பீடு கட்டாயம். மாத்திரைகளைப் பயண நாள்களைவிடப் பத்து நாள்கள் கூடுதலாக, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடல் ஒவ்வாமைக்கு அஞ்சுபவர்கள், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேட்கலாம். அங்கே ஆட்டம் குறைவு. மாத்திரை எதுவானாலும், டாக்டரைக் கேட்டு முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும்.

மேற்கு நோக்கிப் போனால், பல இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், கூடுதல் தூக்கம். கிழக்கே வந்தால் அந்த நேரம் குறையும். இன்சுலின் போடுபவர்கள் இதைப் பற்றி டாக்டரிடம் பேசிவிட்டுக் கிளம்புவது நல்லது.

பெட்டியில் எது கூடாது?

எலெக்ட்ரிக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி... தீ அபாயத்தால் இவற்றைக் கப்பல் நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. மெழுகுவத்தி, ஊதுபத்திக்கும் தடை. வீட்டில் சமைத்த உணவையும் பெரும்பாலும் ஏற்றவிட மாட்டார்கள். சைவ உணவு வேண்டுமென்றால் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். ஏப்ரலிலும் அட்லான்டிக் காற்று குளிரும், ஸ்வெட்டர் அவசியம்.

ஏறியதும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைத் தவிர்க்கக் கூடாது. 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது, கப்பலில் இருந்த 2,200-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்குத்தான் உயிர்காப்புப் படகுகளில் இடம் இருந்தது. அந்த விபத்துக்குப் பிறகு, 1914-ல் உருவானதுதான் கடல் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச ஒப்பந்தம்.

முதலில் ஓர் ஒத்திகை!

ரஜுலா, சிதம்பரம் கப்பல்களில் மலேயா, சிங்கப்பூர் போய்வந்த தாத்தாக்களின் கதை டெல்டா மாவட்ட வீடுகளில் உண்டு. பேரிகை போன்ற மேட்டுநிலத்து ஊர்களுக்குக் கடல் புதிது. இரண்டு வாரப் பயணத்தில் லட்சங்களைப் போடும் முன், உடம்புக்குக் கடல் ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் கார்டிலியாவின் ‘எம்பிரஸ்’ கப்பல் சேவை தொடங்கியது. சீசனுக்கு ஏற்ப அட்டவணை மாறும் என்பதால், விசாரித்துவிட்டு இரண்டு மூன்று இரவுகள் போய்வரலாம். அதைவிடச் சிக்கனமான வழி நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, சிறிது காலம் நின்று, 2024 ஆகஸ்ட்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. சுமார் 4 மணி நேரத்தில் யாழ்ப்பாணக் கரை. பாஸ்போர்ட்டும் இலங்கைக்கான முன்அனுமதியும் வேண்டும். வானிலை சரியில்லை என்றால் கப்பல் புறப்படாது.

அந்த 4 மணி நேரம் வயிறு சமாதானமாக இருந்தால், அடுத்து பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள். பயணம் முடிந்த பிறகும் 6 மாதங்கள் மிச்சம் இருந்தால், விசா விண்ணப்பத்தைத் தொடங்கலாம்!