எந்த அதிகாரம், ஐயா?



2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வாலிபர்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில், எழுபது வயதைக் கடந்த ஒரு தாயார் தம்முடைய வேதாகமத்தை இரு கைகளிலும் விரித்துப் பிடித்தவராய் என்னிடம் வந்தார். பள்ளிக்கூட வாசலை மிதியாதவர். நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புக்காக மும்பைக்கு வந்து, இங்கே இரட்சிக்கப்பட்டு, வேதத்தை வாசிக்கவேண்டும் என்பதற்காகவே நாற்பதாவது வயதில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவர். அவர் மெல்லிய குரலில், "சின்ன யாக்கோபு கால் ஊனமானவர், ஆனாலும் ஆண்டவர் அவரை ஊழியத்துக்கு அனுப்பினார் என்று சொன்னீர்களே, அது எந்த அதிகாரம், ஐயா? தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை" என்றார்.

என் வாய் அடைத்துப்போயிற்று. அது எந்த அதிகாரத்திலும் இல்லை. நான் அதை ஒரு தொலைக்காட்சித் தொடரில் பார்த்திருந்தேன். பார்த்ததை மனதில் சுமந்துகொண்டிருந்து, எழுதப்பட்ட வசனத்தைப் பிரசங்கிப்பதுபோலவே பிரசங்கித்துவிட்டேன்.

'தி சோஸன்' என்னும் அந்தத் தொடரை உங்களில் அநேகர் பார்த்திருப்பீர்கள். 'தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்' என்று அதற்கு அர்த்தம். டல்லஸ் ஜென்கின்ஸ் என்னும் அமெரிக்க இயக்குநர் எடுத்தது. 2017இல் வெளிவந்த அவருடைய திரைப்படம் ஒன்று தோல்வியடைந்தது. அந்தச் சோர்வின் நாட்களில், தம்முடைய சபையின் கிறிஸ்துமஸ் ஆராதனைக்காக மேய்ப்பர்களைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். தொடருக்கு வித்தாக அமைந்தது அந்தக் குறும்படமே. பெரிய நிறுவனங்களின் முதலீடு இன்றி, ஆயிரக்கணக்கான சாதாரண மக்களிடமிருந்து 1 கோடி டாலருக்கு மேல் திரட்டி, 2019இல் முதற்பாகத்தை வெளியிட்டார்கள். பாகத்திற்கு எட்டு வாரங்களாக 2025 வரை ஐந்து பாகங்கள் வந்தன. மொத்தம் ஏழு என்பது திட்டம்.

தொலைக்காட்சியைப் பற்றி நான் முன்னாட்களில் பிரசங்கித்தவற்றைக் கேட்டவர்கள் இதை வாசித்தால் நகைப்பார்கள். 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின், இந்தப் பட்டணத்தின் பத்துக்குப் பத்து அறைகளிலும் கேபிள் வழியாகத் தமிழ் கேட்கத் தொடங்கியது. 1999இல் 'சித்தி', 2002இல் 'மெட்டி ஒலி' என்று தொடர்கள் வந்தபோது, இரவு ஜெபக்கூட்டத்தில் சகோதரிகளின் எண்ணிக்கை குறைந்தது. "கதாநாயகியின் கண்ணீருக்காக அழுகிறீர்கள், உங்கள் பிள்ளைகளின் ஆத்துமாவுக்காக அழுதீர்களா?" என்று பீடத்திலிருந்து இடித்துரைத்தேன். தாய்மொழி காதில் விழாத ஊரில், நாள் முழுவதும் வேலை செய்து களைத்த பெண்களுக்கு அந்த அரைமணி நேரம் என்னவாக இருந்தது என்பதை நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.

பின்பு 2020இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தது. சபையின் கதவுகள் மாதக்கணக்கில் பூட்டப்பட்டிருந்தன. அந்நாட்களில் ஒரு சகோதரர் இந்தத் தொடரை என் கைப்பேசிக்கு அனுப்பினார். வேதத்தைப் பற்றியதுதானே என்று குடும்பமாய் அமர்ந்தோம். அடுத்த இரவும் அமர்ந்தோம். சில நாட்களில், குடும்ப ஜெபத்தைச் சற்று விரைவாக முடித்தால் இன்னொரு வாரத்தைப் பார்த்துவிடலாமே என்ற எண்ணம் எனக்கே வந்தது. இடித்துரைத்தவன் இருந்த இடம் அது.

இனி எங்கள் மகளைக் குறித்துச் சொல்லவேண்டும். இதை எழுத அவளுடைய சம்மதத்தைப் பெற்றிருக்கிறேன். 2001இல் அவள் பிறந்தபோது மூளைக்குப் பிராணவாயு போதவில்லை. இடது காலும் இடது கையும் முழு பெலன் பெறவில்லை. கோலூன்றித்தான் நடப்பாள். இன்று லோக்கல் ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் ஏறி வேலைக்குப் போய்வருகிறாள். அவளுக்காக நாங்கள் ஏறெடுக்காத ஜெபமில்லை, இருக்காத உபவாசமில்லை.

அவளுக்குப் பதினொரு வயதானபோது ஒரு சுகமளிக்கும் கூட்டத்திற்கு அழைத்துச் சென்றோம். மேடையில் இருந்த ஊழியர் கோலை வாங்கிக்கொண்டு, "விசுவாசத்தோடு ஓடு" என்றார். நான்கு அடி வைத்தாள், விழுந்தாள். அவர் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். வீடு திரும்பும் வழியில், "அப்பா, எனக்கு விசுவாசம் இல்லையா?" என்று கேட்டாள். "இன்னும் அதிகமாய் ஜெபிப்போம், அம்மா" என்றேன். அவள் கேட்டதற்கு அது பதில் அல்ல என்பது அப்பொழுதே எனக்குத் தெரியும். அதன் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை.

தொடரின் மூன்றாம் பாகத்தில், ஆண்டவர் சீஷர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பும் காட்சி வருகிறது. சின்ன யாக்கோபாக நடிப்பவர் உண்மையிலேயே எங்கள் மகளைப்போல் மூளைவாதத்தால் பாதிக்கப்பட்டவர். முதுகெலும்பும் வளைந்தது. நொண்டி நடக்கும் அந்த யாக்கோபு, "மற்றவர்களைச் சுகமாக்கும்படி என்னை அனுப்புகிறீர், என்னை ஏன் சுகமாக்கவில்லை?" என்னும் கருத்தில் ஆண்டவரிடம் கேட்கிறான். அவர் கடிந்துகொள்ளவில்லை. அவன் விசுவாசத்தைக் குறைசொல்லவும் இல்லை. சுகம் பெறாமலே தேவனைத் துதிக்கிறவனுடைய சாட்சியின் பெலத்தைப் பற்றி அவனோடு பேசுகிறார். காட்சி முடிந்ததும் மகள், "அப்பா, இன்னொரு தரம் போடுங்கள்" என்றாள். மூன்று தரம் பார்த்தோம். என் மனைவி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

அதைத்தான் அந்த ஞாயிறு பிரசங்கித்தேன். யாக்கோபு நொண்டினான் என்று மத்தேயுவும் சொல்லவில்லை, மாற்குவும் சொல்லவில்லை.

அந்தத் தாயார் போன பிறகு, என் அறையில் வேதத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். அந்தக் காட்சி சொன்னது பொய்யானால், என் மகள் பெற்ற ஆறுதலும் பொய்யா? அப்போது வேதாகமக் கல்லூரியில் நான் தேர்வெழுதிய ஆயர் நிருபங்கள் நினைவுக்கு வந்தன. துரோப்பீமுவை மிலேத்துவிலே வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாகப் பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவுக்கு அடிக்கடி பலவீனம் வந்தது (1 தீமோத்தேயு 5:23). எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டான் (பிலிப்பியர் 2:27). பவுலோ தம்முடைய மாம்சத்தின் முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை (2 கொரிந்தியர் 12). எழுதப்பட்டவை இத்தனை இருந்தும், இருபத்தேழு ஆண்டு ஊழியத்தில் துரோப்பீமுவைப் பற்றி நான் ஒருமுறைகூடப் பிரசங்கித்ததில்லை. ஒரு நடிகர் வந்து கேட்கும்வரை என் மகளுக்கு இவற்றில் ஒன்றையும் எடுத்துச் சொன்னதுமில்லை.

அடுத்த ஞாயிறு சபையாருக்கு முன்பாக, "சென்ற வாரம் நான் சொன்னது வேதத்தில் இல்லை, தொடரில் பார்த்தது. மன்னியுங்கள்" என்று அறிக்கைசெய்து, மேற்கண்ட வசனங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். அந்தத் தாயார் ஒவ்வொன்றையும் தம்முடைய வேதாகமத்தில் திருப்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

ஆனாலும் தொடரை விடுவதா, தொடர்வதா என்ற கேள்வி 2024இல்தான் கடுமையாக வந்தது. நான்காம் பாகத்தில், தோமாவுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் ஒரு ரோம அதிகாரியின் வாளால் குத்தப்பட்டு மரிக்கிறாள். அப்படியொரு பெண் சுவிசேஷங்களில் இல்லை. தோமா கதறுகிறான். ஆண்டவர் அருகில் நின்றும் அவளை எழுப்பவில்லை. என் மனைவி, "போதும், நிறுத்துங்கள். என் இரட்சகர் இப்படிச் செய்ததாக எங்கும் எழுதியில்லை" என்றாள். சபையின் மூப்பர்களும், விசுவாசிகள் இதைப் பார்க்கக்கூடாது என்று அறிவிக்கும்படி என்னிடம் கேட்டார்கள்.

அவர்கள் பக்கத்தில் நியாயம் இருந்தது. என் சிறுவயதில் எங்கள் ஊர்த் திடலில் வெள்ளைத் துணி கட்டி, 1979இல் வெளியான 'இயேசு' திரைப்படத்தைக் காட்டினார்கள். அது லூக்கா சுவிசேஷத்தைத் தழுவி இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இதுவோ அப்படியல்ல. மாற்கு சுவிசேஷம் முழுவதையும் சத்தமாய் வாசித்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஐந்து பாகங்களும் சேர்ந்து நாற்பது வாரங்கள், வாரத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம். அந்த இடைவெளியைக் கற்பனைதான் நிரப்பவேண்டும். முன்கதைகளும் சில பாத்திரங்களும் உரையாடல்களும் சேர்க்கப்பட்டவை, சுவிசேஷங்களை வாசியுங்கள் என்று முதல் வாரத்தின் தொடக்கத்தில் அவர்களே அறிவிக்கிறார்கள். அந்த அறிவிப்பு சில நொடிகளில் மறைந்துவிடுகிறது. காட்சிகளோ மனதில் தங்கிவிடுகின்றன. வேதாகமக் கல்லூரியில் பயின்ற எனக்கே அப்படி நேர்ந்ததென்றால் மற்றவர்களுக்கு எப்படி?

ஆகவே உடனே முடிவுசெய்யாமல், தொடரை நிறுத்திவிட்டு, அதே இரவு நேரத்தில் யோவான் சுவிசேஷத்தை நாளுக்கு ஓர் அதிகாரமாக வாசித்தோம். ஐந்தாம் இரவு பெதஸ்தா குளம் வந்தது. தொடரின் இரண்டாம் பாகத்தில் அந்தக் குளத்தருகே கிடந்தவனைச் செலோத்தே சீமோனின் சகோதரனாகக் காட்டியிருப்பார்கள். அதுவும் கற்பனையே. அதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது மகள் குறுக்கிட்டாள்.

"அப்பா, மூன்றாம் வசனத்தைப் பாருங்கள். அங்கே திரளான பேர் கிடந்தார்கள். ஆண்டவர் ஒருவனைத்தான் எழுப்பினார். மற்றவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லையே."

நாங்கள் மௌனமாயிருந்தோம். அவள் மறுபடியும், "தொடரில் அந்தப் பெண்ணை எழுப்பாததற்காக அம்மா வருத்தப்படுகிறார்கள். அந்தப் பெண்தான் கற்பனை. இது எழுதப்பட்டிருக்கிறதே" என்றாள். சற்றுப் பொறுத்து, "அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கினபோது நான் அந்தக் குளத்தருகே இருந்தவர்களில் ஒருத்தி. எனக்கு விசுவாசம் இருந்தது, அப்பா" என்றாள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கேட்ட கேள்விக்கு அவளே பதில் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

எங்கள் வீட்டில் இரண்டு முடிவுகள் உண்டாயின. என் மனைவி பார்ப்பதை விட்டுவிட்டாள். முழங்காற்படியிட்டுக் கண்களை மூடினால் அந்த நடிகரின் முகம் வருகிறது என்பது அவள் சொன்ன காரணம். அதற்கு எதிராக நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஜெபத்திற்குக் குறுக்கே நிற்பது எதுவானாலும் அதை விடுவதே நலம். மகளும் நானும் தொடர்ந்தோம், சில ஒழுங்குகளோடு. குடும்ப ஜெபம் முதலில். சனிக்கிழமை இரவு பார்ப்பதில்லை. அந்தந்தப் பகுதியைச் சுவிசேஷத்தில் வாசித்த பின்பே பார்ப்போம். பார்த்து முடித்ததும் மகள் ஒரு நோட்டில் கோடு போட்டு, ஒரு பக்கம் 'எழுதப்பட்டது', மறுபக்கம் 'சேர்க்கப்பட்டது' என்று எழுதுவாள். அந்தப் பாகத்திலேயே லாசரு உயிரோடே எழுப்பப்படுகிறான். அதைக் கண்டு தோமா மனமுடைந்து நிற்கிறான். லாசரு முதற்பக்கத்திலும், தோமாவின் துக்கம் மறுபக்கத்திலும் பதிவாயின.

மூப்பர்கள் கேட்ட தடையை நான் அறிவிக்கவில்லை. பாருங்கள் என்று பரிந்துரைக்கவும் இல்லை. ரோமர் 14ஆம் அதிகாரத்தை வாசித்து, அவனவன் தன் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். எந்தத் தொடரானாலும் ஒன்றை மாத்திரம் கேட்டுக்கொள்ளும்படி சொன்னேன்: பெட்டியை அணைத்த பின் உங்கள் கை வேதாகமத்திற்குப் போகிறதா, அடுத்த வாரத்திற்குப் போகிறதா? வேதத்தின் இடத்தை அது எடுத்துக்கொள்ளுமானால், அதில் வருபவர் இயேசுவாகவே இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

ஆறாம் பாகம் சிலுவைப்பாடுகளைப் பற்றியது. அதைப் பார்ப்பதா என்று நாங்கள் இன்னும் முடிவுசெய்யவில்லை. அந்தத் தாயாரிடமும் ஒருநாள், "நீங்கள் பார்க்கிறீர்களா, அம்மா?" என்று கேட்டேன். "எனக்கு ஏது நேரம், ஐயா? எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள். எரேமியாவையே இன்னும் முடிக்கவில்லை" என்றார்.

இன்றும் எங்கள் சபையில் வியாதியஸ்தருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிறோம். கர்த்தர் சுகமாக்குகிறவர் என்பதில் எனக்கு அணுவளவும் சந்தேகமில்லை. சுகமானவர்களை என் கண்களால் கண்டிருக்கிறேன். ஆனால் இப்பொழுது, ஜெபித்த பின்பும் எழும்பாதவர்கள் அருகில் சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அநேகமாய் மகளும் கோலை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்திருப்பாள்.

சமாதானத்தின் தேவன் தாமே உங்கள் குடும்பங்களைக் காத்து நடத்துவாராக. ஆமென்.