விலாசம் சொன்னது நான்தான்

ஒரு பெண்ணின் போன் நம்பரை வைத்துக்கொண்டு அவள் யார் என்று கேட்டவனுக்கு, வீடு வரைக்கும் அடையாளம் சொன்னவன் நான். அவள் வந்து விசாரித்தபோது பழியைத் தூக்கி ட்ரூகாலர் மேல் போட்டவனும் நானே. இரண்டாவதுதான் பெரிய குற்றம்.

கேரள மலையில் இருக்கிற சூரியநெல்லியில் ரீசார்ஜும் ஜீப் புக்கிங்கும் பார்க்கிற கடை என்னுடையது. யானை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் எங்கள் பக்கம் விடிகாலையில் வெளியே இறங்க முடியாது. 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மற்ற யானைகள் இங்கேதான் இருக்கின்றன. அவை நிற்கிற இடத்தைச் சொல்ல ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள், கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர்கள், ரிசார்ட்டில் வேலை பார்க்கிறவர்கள் என்று ரீசார்ஜ் நோட்டில் இருந்த நம்பர்களையெல்லாம் யாரையும் கேட்காமல் சேர்த்தேன். குரூப்பில் ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். நல்ல காரியம்தானே என்று விட்டுவிட்டேன்.

அங்கிருந்து ஒரு நம்பரை எடுத்தவன்தான் எனக்குப் போன் போட்டான். "பார்சல் வந்திருக்கு அண்ணே, விலாசம் சரியா இல்ல. இந்த நம்பர் யாருது?" நான் பேரைச் சொன்னேன். எஸ்டேட்டில் எந்த டிவிஷன், வரிசை வீடுகளில் எந்த லயம், எத்தனை மணிக்கு வேலை முடிந்து வருவாள், புருஷன் திருப்பூரில் இருக்கிறான் என்பது வரை சொன்னேன். பாதியை அவன் கேட்கவே இல்லை. ஊரில் எனக்குத் தெரியாத ஆள் இல்லை என்று காட்டிக்கொள்கிற ஆசை என்னைப் பேச வைத்தது.

அதன் பிறகு அவளுக்கு ராத்திரியில் போன் வர ஆரம்பித்தது. ஒரு நாள் வேலை விட்டு வருகிற வழியிலேயே அவன் நின்றிருக்கிறான். கடைக்கு வந்து, "என் பேரு, வீடு எல்லாம் அவனுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்று கேட்டாள்.

"இப்ப எல்லாம் ஆப்புல வருதும்மா" என்றேன்.

பாதி உண்மையாக இருந்ததால் அந்தப் பொய் சுலபமாக வந்தது. ட்ரூகாலரில் நம்பரைப் போட்டால் பேர் வருகிறது. யுபிஐயில் பணம் அனுப்பப் போனால் பேங்கில் உள்ள பேரே வந்து நிற்கிறது. நம்பர்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தே 350 கோடி வாட்ஸ்அப் கணக்குகளைக் கண்டுபிடிக்க முடிந்தது என்று வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-ல் சொன்னார்கள். எல்லாம் சரி. ஆனால் அவள் எந்த வழியாக வீட்டுக்கு வருவாள் என்று எந்த ஆப் சொல்லும்? அதைச் சொல்ல ஊர்க்காரன் ஒருவன் வேண்டும்.

உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைக்காரர்கள் பெண்களின் நம்பரை விற்றதாக 2017-ல் செய்தி வந்தது. அழகைப் பார்த்து 50 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை விலையாம். அவர்களை வாய்விட்டுத் திட்டியவன் நான். அவர்கள் காசு வாங்கினார்கள். நான் சும்மா கொடுத்தேன்.

அதுவும் எந்த ஊரில்! 1996-ல் ஒரு பள்ளிச் சிறுமிக்கு நடந்த கொடுமைக்கு நாடு முழுக்க எங்கள் ஊர்ப் பேரைத்தான் வைத்திருக்கிறது. அவள் பேரை வெளியிடக்கூடாது என்று சட்டம் இருந்ததால் ஊர்ப் பேரே அவள் பேரானது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் தலையிட்டு, 2014-ல் கேரள உயர் நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொல்லும் வரை அந்தப் பேர் பேப்பரில் வந்துகொண்டே இருந்தது. ஒரு பெண்ணின் அடையாளத்தை ஏன் மறைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. தெரிந்தேதான் வாயைத் திறந்தேன்.

பொய் ஏன் பெரிய குற்றம் என்றால், கடைக்கு வந்த அந்தப் பெண்ணிடம் நான் சொன்ன பதிலை அவள் புருஷன் நம்பவில்லை. ஆப்பில் லயம் எப்படி வரும், நீ சொல்லாமல் அவனுக்கு எப்படித் தெரியும் என்று போனில் சண்டை போட்டிருக்கிறான். அவளோ பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சந்தேகப்பட்டுப் பேச்சையே நிறுத்திவிட்டாள். கூடவே கொழுந்து எடுக்கிறவர்கள் அவர்கள். இதெல்லாம் காதில் விழுந்தும் பல நாள் கல்லாவில் உட்கார்ந்து ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் லயத்துக்குப் போய், இரண்டு பெண்களையும் வைத்துக்கொண்டே சொன்னேன். திருப்பூருக்கும் போன் போட்டு, "தம்பி, சொன்னது நான்தான்" என்றேன். அவன் பேசியதை இங்கே எழுத முடியாது, எதுவும் அநியாயமில்லை. அவள் திட்டவில்லை. "குரூப்ல இன்னும் எத்தனை பொம்பளைங்க நம்பர் இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றே குரூப்பைக் கலைத்தேன். ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாமல் அறிவிப்பு மட்டும் போகிற கம்யூனிட்டி வசதி 2022-லேயே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. ஒவ்வொருவரையும் கேட்டு, சரி என்றவர்களை மட்டும் அதில் சேர்த்தேன். ரீசார்ஜ் நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அவள் நம்பரை மாற்றிவிட்டாள். புது நம்பரை எனக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அவர்கள் டிவிஷன் பக்கம் யானை இறங்கினால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் செய்தி போகிறது. அவள்தான் போய்க் கதவைத் தட்டிச் சொல்கிறாள்.