முள் ஏறுது, வண்டி ஏறலை

கிளட்ச் ஒரே நாளில் போய்விடுவதில்லை. போகப்போகிறேன் என்று முன்னாலேயே சொல்லிவிடும். டர்போ வைத்த வேகமான கார்களில் அது சொல்கிற இடம்தான் வேறு. ஊருக்குள், சிக்னலில், மேட்டில் ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில் டாப் கியரில் டர்போ முழு மூச்சாக இழுக்கிற சில நொடிகளில் மட்டும் தெரியும். முன்னால் போகும் பேருந்தை முந்த எதிர்த்தடத்துக்கு நாம் வந்துவிட்ட நொடிகளும் பெரும்பாலும் அவைதான்.

எனக்கு அது கோவையில், நீலாம்பூர் – மதுக்கரை பைபாஸில் தெரிந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்.; 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன், ஐந்து கியர். முன்பு வைத்திருந்தவர் எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றி இழுவையை இன்னும் கூட்டியிருந்தார். ஐந்தாம் கியரில் 90-இல் போய்க்கொண்டிருந்தவன் பேருந்தை முந்த ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். 2,400-இல் இருந்த ஆர்.பி.எம். முள் 3,200-க்கு எகிறியது. வேகம் 90-லேயே நின்றது. எதிரே லாரி. பிரேக் பிடித்துப் பேருந்துக்குப் பின்னால் ஒதுங்கியபோது கை நடுங்கியது.

சர்வீஸ் சென்டரில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, மூன்றாம் கியரில் கிளட்சை விட்டுப் பார்த்தார்கள். எஞ்சின் சட்டென்று அணைந்தது. “கிளட்ச் நல்லா இருக்கு சார், டர்போவைத்தான் கழட்டிப் பார்க்கணும்” என்று பெரிய தொகைக்கு எஸ்டிமேட் நீட்டினார்கள்.

அந்தச் சோதனை முற்றிலும் தேய்ந்துபோன கிளட்சைக் காட்டிக்கொடுக்கும். பாதி போனதைக் காட்டாது. நின்றுகொண்டிருக்கிற வண்டியில் டர்போ அழுத்தமே உருவாகியிருக்காது. எஞ்சின் தருவது அதன் முழு முறுக்குவிசையில் சிறு பங்கு. அதைத் தேய்ந்த கிளட்ச் பிளேட்டும் தாங்கிவிடும். கோத்தகிரி ஏறும்போதும் எனக்கு ஒன்றும் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் கியரில் வண்டி விறுவிறுவென்று ஏறிவிடும். அடுத்த வளைவு வந்து காலை எடுத்துவிடுவோம். டாப் கியரில் அப்படியில்லை. முழு விசையும் பல நொடிகள் தொடர்ந்து கிளட்சின் மேல் நிற்கும்.

டர்போ கோளாறா, கிளட்சா என்று பிரித்தறிய ஒரே ஒரு கணக்குப் போதும். ஒரு கியரில் இருக்கும்வரை ஆர்.பி.எம்மும் வேகமும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. டர்போ குழாயில் காற்று கசிந்தால், ஏர் சென்சார் கெட்டால், ஸ்பார்க் விட்டுப்போனால் இரண்டு முள்ளும் சேர்ந்தே மந்தமாகும். ஒன்று ஏறி மற்றது நின்றால் அது கிளட்ச்தான். இதை ஓட்டுகிறவர் தானே பார்த்துக்கொள்ளலாம்: ஆளில்லாத சாலையில், டாப் கியரில் 2,000 ஆர்.பி.எம்மிலிருந்து முழுசாக ஒரு மிதி, ஒரே ஒரு முறை. திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கிற லைனிங்கும் கருகிவிடும்.

இடையில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வண்டியைக் கேட்டு ஒருவர் வந்தார். தெருவுக்குள் ஓட்டினார், பிரமாதமாக இழுத்தது. ‘கிளட்ச் நல்லா இருக்கு’ என்று எழுதிய சர்வீஸ் தாள் என் கையில் இருந்தது. சும்மா இருந்தாலே போதும், விற்றுவிடலாம் என்று மனசு சொன்னது. உண்மையாகவே சொன்னது. அவர் பின் சீட்டைத் தட்டிப் பார்த்து, “குழந்தைக்குத் தாராளமா இருக்குங்க” என்றார். பைபாஸில் எதிரே வந்த லாரி கண்ணில் வந்தது. சொல்லிவிட்டேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு சுந்தராபுரம் பக்கம் ஒரு பட்டறை. ஃபார்முலா மாருதி கார்கள் ஓடிய காலத்திலிருந்து ரேஸ் வண்டிகளோடு பழகியவர் அதை நடத்துகிறார். கியர் பாக்ஸை இறக்கியதும் அவர் பிளேட்டைப் பார்க்கவில்லை. கிளட்ச் இருந்த கூட்டுக்குள் விரலை விட்டு, ஒட்டிய கறுப்பு ஈரத்தைக் கட்டைவிரலோடு தேய்த்து முகர்ந்தார். “கியர் ஆயில்னா கந்தக நெடி மூக்கைத் துளைக்குங்க. இது எஞ்சின் ஆயில்.” கிராங்க் ஷாஃப்டின் பின் சீல் கசிந்து, ஃப்ளைவீல் சுழலச் சுழலச் சுற்றிலும் தெறித்திருந்தது.

அதற்குப் பிறகுதான் பிளேட். ஃப்ளைவீல் பக்க முகம் கண்ணாடிபோல் பளபளத்தது. வெர்னியரை வைத்தார்: ரிவெட் தலைக்கு மேல் லைனிங் 0.5 மி.மீ. 0.3-க்குக் கீழே போனால் மாற்று என்பது பல கம்பெனிகளின் கணக்கு. தேய்ந்தது உண்மை, ஆனால் தேய்மானம் மட்டும் இதைச் செய்யவில்லை. ஆயில் பட்ட பிடிமானம், அதற்கு மேல் கூட்டிய இழுவை. பிரஷர் பிளேட்டில் சூடு ஏறி நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தன. பிளேட்டை மட்டும் மாற்றிக் கியர் பாக்ஸை ஏற்றியிருந்தால் புதிய லைனிங்கும் கொஞ்ச நாளில் அதே ஆயிலைக் குடித்திருக்கும்.

ஃப்ளைவீலைப் பற்றி நிறையப் பேசினோம். இது இரட்டை நிறை ஃப்ளைவீல். உள்ளே ஸ்பிரிங்குகள் உண்டு. சாதாரண ஃப்ளைவீலைப்போல லேத்தில் கொடுத்து ஃபேசிங் போட்டுவிட முடியாது. திருகிப் பார்த்தால் ஓரளவு அசைவு இருக்கலாம். ஆட்டிப் பார்த்தால் அளவுக்கு மேல் தள்ளாடக் கூடாது. என்னுடையது அளவுக்கு மேல் தள்ளாடியது. செலவு வலித்தது, ஆனால் மாற்றினேன். சீல், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் ஒன்றாக. கியர் பாக்ஸ் இறக்குகிற கூலிதான் பெரிசு. உள்ளே இருக்கும் சின்னச் சாமானில் மிச்சம் பிடிப்பது வீண்.

பூட்டும்போது அவர் கை நிதானமாகிவிட்டது. புதிய பிளேட்டை ஓரத்தில் மட்டுமே பிடித்தார். சென்டரிங் டூலை வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். ஸ்ப்ளைனில் கிரீஸ் தடவிவிட்டு, தடவியது கண்ணுக்கே தெரியாத அளவுக்குத் துடைத்தார்.

“இழுவை அப்படியே வேணும்னா ரேஸ் கிளட்ச் போடலாங்க. பெடல் கனமாகும்” என்றார். வீட்டில் இந்த வண்டியை என் மனைவியும் ஓட்டுகிறாள். அவளுக்கு இடது முழங்காலில் வலி. சாஃப்ட்வேரைக் கம்பெனி கொடுத்த 210 நியூட்டன் மீட்டருக்கே திருப்பச் சொன்னேன். லைனிங் படியும்வரை, 800 கிலோமீட்டர்போல, ஊருக்குள்ளேயே ஓட்டும்படி சொல்லி அனுப்பினார். அதில் பெரும்பகுதியை அவளே ஓட்டினாள், பள்ளிக்கும் மார்க்கெட்டுக்கும்.