மாமாவும் ஒரு கேரவனும்

போன செமஸ்டர் லீவுக்கு இங்கிலாந்துல இருக்கிற மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல்ல ஒரு கேரவன். சினிமா ஹீரோ உட்கார்ந்து மேக்கப் போடுற வண்டி இல்லைங்க. காருக்குப் பின்னால கொக்கியில மாட்டி இழுத்துட்டுப் போற குட்டி வீடு. கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் சேர்த்து 1,500 கிலோ.

"இதுக்குத் தனி லைசென்ஸ் வேணாமா மாமா?"

"முன்னாடி வேணும்டா. இப்ப எடுத்துட்டாங்க."

1997 ஜனவரி 1-க்கு அப்புறம் கார் லைசென்ஸ் வாங்கினவங்க அங்கே பெரிய டிரெய்லர் இழுக்கணும்னா தனி டெஸ்ட் பாஸ் பண்ணணும். லாரி டிரைவர்கள் பற்றாக்குறை வந்தப்போ, டெஸ்ட் நடத்துற ஆட்கள் லாரிப் பக்கம் தேவைப்பட்டாங்க. அதனால 2021 டிசம்பர் 16-ல் அந்த டெஸ்ட்டையே தூக்கிட்டாங்க. இப்போ 3,500 கிலோ வரை சாதா லைசென்ஸ் போதும். மாமா தூங்கி எழுந்தப்போ தகுதி வந்துடுச்சு!

சாமான் ஏத்துற வேலை எனக்கு. மெக்கானிக்கல் படிக்கிற பையனாச்சே. அரிசி மூட்டை, குக்கர், தண்ணி கேன் எல்லாத்தையும் இடம் இருந்த பின்பக்கமே அடுக்கினேன்.

மோட்டார்வேல ஒரு இறக்கம். வேகம் 60 மைல். டிரெய்லரோட போனா அதுதான் லிமிட். ஒரு டூரிஸ்ட் பஸ் எங்களைத் தாண்டிச்சு. அது தள்ளின காத்துல கேரவன் வாலாட்ட ஆரம்பிச்சது. இடது, வலது, மறுபடி இடது... ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெருசு. காரையும் சேர்த்து இழுக்குது. அத்தை "முருகா"ன்னு கத்திட்டாங்க. மாமா ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தார், ஸ்டீயரிங்கை நேரா இறுக்கிப் பிடிச்சார். மெதுவா அடங்கிச்சு. "பயத்துல பிரேக் ஞாபகமே வரலடா"ன்னு அப்புறம் சொன்னார். அதுதான் எங்களைக் காப்பாத்தியிருக்கு.

அடுத்த சர்வீஸ் ஏரியால நிறுத்தினப்போதான் எனக்கு உறைச்சது. கேரவன் எடையில 5-லிருந்து 7 சதவீதம் கொக்கி மேல அமுங்கணும். நான் பின்னால ஏத்தின பாரம் நெம்புகோல் மாதிரி கொக்கியைத் தூக்கிவிட்டிருக்கு. மொமென்ட் கணக்குல நான் சென்டம் வாங்கினவன்! மாமாகிட்ட சொன்னேன். திட்டல. ரெண்டு பேருமா மூட்டையை அச்சுக்கு நேரா நகர்த்தினோம்.

அடுத்த வாரம் யாரும் கட்டாயப்படுத்தாமலே ஒரு நாள் பயிற்சிக்குப் போனார். ரிவர்ஸ்தான் பெரும்பாடு. ஊர்ல டிராக்டர் ஓட்டுற அண்ணன் "டிப்பர் எந்தப் பக்கம் போகணுமோ அதுக்கு எதிர்ப்பக்கம் ஒடி"ம்பார். பயிற்சியாளர் சொன்னது இன்னும் சுலபம்: ஸ்டீயரிங்கோட அடிப்பக்கம் கையை வை, கேரவன் போகவேண்டிய பக்கமே கையை நகர்த்து. மாமா நாலு கூம்பைச் சாய்ச்ச பிறகு உள்ளே விட்டார்.

இப்பவும் கிளம்புறதுக்கு முன்னாடி கொக்கி எடையை அளந்து எனக்கு வாட்ஸ்அப்ல ஃபோட்டோ அனுப்புவார். போன ஞாயிறு 90 கிலோ.