மூன்று வயதில் களரிக்கு

‘துப்பாக்கி’ படத்தில் விஜய்க்கு எதிராக நின்ற வித்யுத் ஜம்வாலை எல்லோருக்கும் தெரியும். 1980இல் ஜம்முவில் பிறந்தவர், களரி படித்தது பாலக்காட்டில். அம்மா நடத்திய ஆசிரமத்தில், மூன்று வயதிலேயே தொடங்கிவிட்டார்.

அந்த வயதுப் பிள்ளைக்கு யாரும் வாளைக் கொடுக்க மாட்டார்கள். வடக்கன் களரியில் முதலில் மெய்த்தாரி. உடம்பை வளைக்க, தாழ்த்த, தாவப் பழக்குவது மட்டுமே. பிறகு கம்பு. அதற்கும் பிறகுதான் இரும்பு. வருடக்கணக்கில் ஆகும். 2011இல் ‘ஃபோர்ஸ்’ படத்தில் அவர் போட்ட சண்டைக்குப் பின்னால் இருப்பது அந்தப் பொறுமைதான்.

திற்பரப்பில் இருந்துகொண்டு இதை எழுதும்போது மனசு அடித்துக்கொள்கிறது. நம்ம குமரி மண்ணின் அடிமுறை வேறு வழி: முதலில் வெறுங்கை, சுவடு என்னும் காலடி வைப்பு, கூடவே வர்மம். அடிக்கத் தெரிந்த ஆசானுக்கே எண்ணெய் போட்டுத் தடவி, பிசகியதைச் சரியாக்கவும் தெரியும். 2020இல் ‘பட்டாஸ்’ படம் வந்த பிறகுதான் வெளியூரில் பலர் அடிமுறை என்ற பெயரையே கேட்டார்கள்.

இந்த விடுமுறையில் என் மகளை அடிமுறை வகுப்பில் சேர்க்கப் போகிறேன். குலசேகரம், திருவட்டாறு பக்கம் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசான்மார் இருந்தால் சொல்லுங்கள்.